உதிரிபாகம் வரவேண்டும்

மெஹிகாலியில் ஆகஸ்ட் மாதம்
ஏணியைத் தொடவும் கையுறை வேண்டும்.
இன்றைக்கு இது நான்காவது மொட்டைமாடி.
சட்டைப் பையில் நின்ஃபா என்று தைத்திருக்கிறது,
அப்படியும் கதவைத் திறப்பவர்கள்
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்,
மெக்கானிக் எங்கே என்று.

ஓட்டிலியா எட்டிப் பார்க்கவில்லை.
"முன்னறை மெஷின் நேற்று ராத்திரி நின்றுபோச்சு.
பின்னறையுடையது நின்று மூன்று வருஷம்."
சொல்லிவிட்டு
கல்லாக உறைந்த தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.
பிடரியில் அதை வைத்துக்கொண்டு ஏறினேன்.

முன்னறை மெஷினில் எறும்பு.
வருஷா வருஷம் பார்ப்பதுதான்.
கான்டாக்டரின் இரண்டு உதடுகளுக்கு நடுவே
ஓர் எறும்பு புகும், ஷாக் அடிக்கும்,
சாகிறபோது அது விடுகிற வாடைக்கு
என்னவோ ஏதோவென்று இன்னொன்று ஓடிவரும்,
அதற்கு என்ன ஆச்சு என்று மற்றொன்று.
கருகிய உடம்புகள் சேர்ந்து சேர்ந்து
ஒருநாள் உதடுகள் மூட முடியாமல் போகும்.
அன்றைக்குக் கீழே யாருக்கும் தூக்கம் கிடையாது.

மெயினை அணைத்தேன்.
கெப்பாசிட்டரின் முனைகளைத் திருப்புளியால் சேர்த்தேன்.
டப் என்றது.
அணைத்த பிறகும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும்;
மறந்துபோய்த் தொட்டு
இரண்டு நாள் கை தூக்க முடியாமல் கிடந்திருக்கிறேன்.
பழைய டூத் பிரஷ்ஷால் எறும்புகளைத் தேய்த்து உதிர்த்தேன்.
பத்து நிமிஷம்.

கீழே லிப்ராதோ காத்திருந்தார்.
கண்ணாடியின் ஒரு காலில் நீல டேப் சுற்றியிருந்தது.
"எறும்புக்கு அறுநூறு பேசோவா?"
"எறும்புக்கு நூறு. ஏணிக்கு ஐநூறு."

"அப்படியென்றால் இன்னொரு தடவை ஏறு" என்றார்,
சமையலறைக்குக் கேட்கிற குரலில்.
"பின்னறையைச் சரிசெய். எனக்கு என் அறை வேண்டும்."
பிரிந்து நான்கு வருஷமாம்,
வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதுபோலச் சொன்னார்.
வீடு இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது.
விற்றால் ஆளுக்கொரு குளியலறைதான் தேறும்.
குளிர் மாதங்களில் அவரவர் அறை, அவரவர் பூட்டு.
ஜூன் பிறந்தால் ஓடுகிற மெஷின் ஒன்றுதானே,
மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு
இவர் முன்னறைக்குப் போய்விடுவார்.
நடுவில் பூப்போட்ட திரை.
அவள் இருபத்திரண்டு டிகிரி கேட்பாள், இவர் இருபத்தேழு.
"கடைசியில் எத்தனையில் ஓடும்?"
"இருபத்திரண்டில்."

மறுபடி மேலே.
எல்லை வேலிக்கு அந்தப் பக்கமும்
இதே பெட்டிகள் இப்படியே உறுமிக்கொண்டிருந்தன.
அங்கே ஏணிக்கு டாலர்.

மூன்று வருஷம் திறக்காத மூடியின் திருகுகள்
துரு கடித்து நிற்கும் என்று எண்ணெய் எடுத்துப் போயிருந்தேன்.
விரலால் தள்ளியதும் சுழன்றன.
உள்ளே எறும்பு இல்லை.
கெப்பாசிட்டர் வீங்கவில்லை. கேஸ் குறையவில்லை.
ஒரேயொரு மஞ்சள் வயர் மட்டும்
முனையிலிருந்து கழன்று,
எதன்மேலும் பட்டுவிடாதபடி ஓரமாக மடங்கியிருந்தது.
அதன் தலையில் நீல டேப்.
இந்த வெயிலில் டேப் ஒரு கோடையைத் தாங்காது,
பாகாக இளகி ஒழுகிவிடும்.
இது புதுசு. மே மாதத்துச் சரக்காக இருக்கலாம்.
பிறகு உரிக்கச் சுலபமாக
நுனியைக் கொஞ்சம் மடித்துவிட்டிருந்தது
பொறுமையான ஒரு கை.

வயரை மாட்டினால் அரை நிமிஷம்.
திருப்புளியைப் பிடித்தபடி
அரை நிமிஷத்துக்கு மேலேயே உட்கார்ந்திருந்தேன்.
உள்ளங்கால் வெந்தது.
மூடியைப் போட்டேன்.

இறங்கும்போது அவர் ஏணியைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"உதிரிபாகம் வரவேண்டும்" என்றேன்.
"எவ்வளவு நாள் ஆகும்?"
"பழைய மாடல். சொல்ல முடியாது."
"அவசரமில்லை" என்று சமையலறையிலிருந்து ஓட்டிலியா சொன்னாள்.

எறும்புக்குப் பேரம் பேசிய மனிதர்
எழுநூறாகக் கொடுத்தார், சில்லறை கேட்கவில்லை.
புட்டியில் பாதி உருகியிருந்தது.
வண்டியில் உட்கார்ந்து குடித்தேன்.
அடுத்தது ஒரு பல் ஆஸ்பத்திரி,
காலையிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.